செத்த சென்டருக்கு ஒரு கண்டக்டர்

ஓய்வு பெற்ற மறுநாள் காலை சுலோசனா ஹாலில் நின்றுகொண்டு, "காபி யாருக்கெல்லாம் வேணும்?" என்று குரல் கொடுத்தாள். வீட்டில் இருந்தது அவள் கணவர் கங்கையா ஒருவர்தான். அவரும் கைக்கெட்டும் தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு மெதுவாகக் கையைத் தூக்கினார்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆர்டிசி பஸ்ஸில் கண்டக்டர். திருப்பதியில் கிளம்பி, புத்தூர், நகரி வழியாகத் திருத்தணி போய்த் திரும்புகிற வண்டி. கிருத்திகை நாட்களில் காவடியோடும் மொட்டைத் தலையோடும் ஏறுகிறவர்களை, தமிழில் பாதி தெலுங்கில் பாதி அதட்டி உள்ளே அனுப்பி, படிக்கட்டில் தொங்குகிற காலேஜ் பையன்களை மேலே இழுத்துப் போட்டு, கோழிக் கூடையோடு வருகிறவர்களிடம் நியாயம் பேசிப் பழகிய தொண்டை அது. பின் வாசலில் நின்று அவள் "ரைட்!" என்றால் விசில் தேவையே இல்லை, எதிரே வருகிற லாரியும் கொஞ்சம் நகர்ந்து கொடுக்கும் என்று டிப்போவில் கிண்டல் செய்வார்கள்.

நகரிப் பக்கம் கரும்பு போட்ட குடும்பத்துப் பெண். கண்டக்டர் வேலைக்கு ஆர்டர் வந்தபோது, "பொம்பளப் புள்ள தோள்ல பைய மாட்டிக்கினு ஊர் ஊரா போவுமா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். "போவும். உங்களுக்கும் டிக்கெட் குடுக்கும்" என்றாள் சுலோசனா. அப்படியே கொடுத்தாள். கேட்டவர்களில் ஒருத்தரையும் ஓசியில் ஏற்றவில்லை.

இப்பேர்ப்பட்டவளைக் கொண்டுவந்து திருப்பதியில் இரண்டு அறை வீட்டுக்குள் உட்கார வைத்தால் என்ன ஆகும்? ஒரு வாரம் டிவி பார்த்தாள். அடுத்த வாரம் டிவியில் வருகிறவர்களை அதட்டினாள். அதற்கடுத்து பரணில் ஏறினாள்.

பரணில் என்னதான் இல்லை! செத்துப்போன மிக்சிகள், ஃபியூஸ் போன டியூப்லைட்டுகள், முதுகு பெருத்த பழைய டிவி, ஒயர் சுருள்கள், மூடி இல்லாத டப்பாக்கள், டப்பா இல்லாத மூடிகள், துவைத்து அடுக்கிய பால் பாக்கெட்டுகள். யுனிவர்சிட்டி லேபில் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்ற கங்கையா எதையும் தூக்கிப் போடாத மனிதர். பழைய சாமான் வாங்குகிறவர் வந்து பார்த்து, இரும்பையும் பேப்பரையும் மட்டும் எடுத்துக்கொண்டு, டிவியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் நடையைக் கட்டினார்.

"தண்ணி டேங்க் பக்கத்துல செத்த சென்டர் ஒண்ணு தொறந்து கீறாங்களாமே" என்றார் கங்கையா.

தெலுங்கில் செத்த என்றால் குப்பை. பலகையில் 'பொடி செத்த' என்றுதான் எழுதியிருந்தது. காய்ந்த குப்பைக்கான இடம். நகரிப் பக்கத்துத் தமிழ்க்காரர்கள் காதில் அது வேறு மாதிரித்தான் விழும்.

"செத்த சாமானுக்கு செத்த சென்டரா! சரியாத்தான் பேரு வெச்சிருக்கான்" என்று சிரித்தபடி சுலோசனா ஆட்டோவைக் கூப்பிட்டாள். மடியில் டிவி, காலடியில் மூட்டைகள், பக்கத்தில் டியூப்லைட்டுகளைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு கங்கையா.

சென்டர் என்பது தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. உள்ளே வரிசையாகத் தடுப்புகள்: பிளாஸ்டிக் ஒன்று, காகிதம் ஒன்று, கண்ணாடி ஒன்று, மின்சாரச் சாமான் ஒன்று. அதைப் பார்த்துக்கொள்கிற பெண்ணின் பெயர் யாமினி. புத்தூர்க்காரி, முப்பதை ஒட்டிய வயது. கோவில் பிராகாரத்தில் பேசுகிற மாதிரி அவ்வளவு மெல்லிய குரல். அவள் முதல் மூட்டையை அவிழ்த்துப் பார்த்தாள். பால் பாக்கெட்டுக்குள் பேட்டரி, பேட்டரியோடு உடைந்த பல்பு, பல்போடு பழைய செருப்பு.

"ஆன்ட்டி, எல்லாம் கலந்து கீது. பிரிச்சுக்கினு வந்தாத்தான் வாங்கிக்குவேன்."

"இன்னாது?"

"பிரிச்சுக்கினு வாங்க ஆன்ட்டி."

 வாழ்நாள் பூராவும் மற்றவர்களை வண்டியிலிருந்து இறக்கிவிட்டவள் சுலோசனா. அவளை இறக்கிவிட்ட முதல் ஆள் இந்தப் பெண். கோபம் வரவேண்டிய இடம்தான். ஆனால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டிவியையும் டியூப்லைட்டுகளையும் மட்டும் கொடுத்துவிட்டு, மூட்டைகளோடு வீட்டுக்குத் திரும்பி, மொட்டை மாடியில் பாய் விரித்துப் பிரிக்க உட்கார்ந்தாள். கீழ் வீட்டுச் சந்தியா துணி காயப்போட வந்தவள், "என்னா ஆன்ட்டி, கடை போட்டுட்டீங்களா?" என்று கேட்டாள். சாயங்காலத்துக்குள் அவள் வீட்டுச் சாமானும் பாய்க்கு வந்து சேர்ந்தது.

அப்படித் தொடங்கியதுதான். கொஞ்ச நாளில் அந்த அப்பார்ட்மெண்ட் குப்பை முழுக்க சுலோசனா கைவழியே போனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டியின் முன்னும் பின்னும் பைகளைக் கட்டிக்கொண்டு அவள் போவதைப் பார்த்து, அடுத்த தெருக்காரர்களும் தங்கள் பைகளோடு கிளம்பினார்கள். சென்டரில் கூட்டம் சேர்ந்தது. யாமினியின் குரல் யார் காதிலும் விழவில்லை. கண்ணாடியைக் காகிதத்தில் போட்டார்கள். ஒருவர் பிள்ளை டயப்பரைப் பிளாஸ்டிக்கில் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவர் போலப் போனார். யாமினி பின்னாலேயே ஓடி ஓடிச் சொன்னாள். பாவம், சொன்னது அவளுக்கே கேட்டிருக்காது.

சுலோசனாவால் எவ்வளவு நேரம்தான் பொறுத்துக்கொள்ள முடியும்? வாசலில் இருந்த சிமெண்டு மேடைமேல் ஏறினாள்.

"கண்ணாடி எல்லாம் ரைட்டு சைடு! பேப்பர் நேரா உள்ள போ! ஏமண்டி, ஆ டயப்பரு மீதேனா? உங்களுதுதானே? எடுங்க அத, எடுங்க! சோத்து டப்பா கழுவாம கொண்டாந்தது யாரு? குழா அங்க கீது பாரு!"

கூட்டம் ஒரு கணம் அசந்து நின்றது. பிறகு தானாக வரிசையாகிவிட்டது. புத்தூர் பஸ்ஸில் வந்தவர் ஒருவர் அந்தக் குரலை அடையாளம் கண்டு, "கண்டக்டரம்மா!" என்று பையோடு கும்பிட்டார். அன்று மதியம் வீட்டுக்கு வந்த சுலோசனா, ஓய்வுக்குப் பிறகு முதல் தடவையாகப் பசித்துச் சாப்பிட்டாள். "துன்றதுக்கு இன்னொரு கரண்டி சோறு கீதா?" என்று அவளே கேட்டாள்.

மாசி மாதம் முகூர்த்தங்கள் தொடங்கியதும் தலைவலியும் தொடங்கியது.

ஒரு திங்கட்கிழமை காலை யாமினி போன் செய்தாள். சுலோசனா போய்ப் பார்த்தபோது சென்டர் வாசலில் வாழை இலை மலை. எச்சில் இலை, சாம்பார் ஊறிய சோறு, உடைந்த காகிதக் கோப்பைகள், நசுங்கிய மாலைகள். நாற்றம் தெருவை அடைத்தது. நாய்களுக்கு மட்டும் கொண்டாட்டம். இருவரும் மூக்கில் துணி கட்டிக்கொண்டு, நகராட்சி வண்டியை வரவழைத்து வாரிப் போட்டார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடியும். அந்த வாரக் கடைசியில் மறுபடியும்.

எதிர் வீட்டு ஸ்வர்ணலதா தெருக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு வார்டு சச்சிவாலய ஆபீஸில் மனு கொடுத்தாள். சுகாதாரப் பிரிவு அதிகாரி வந்து பார்த்தார். "இது இப்படியே போச்சுன்னா மூடுறதத் தவிர வழி இல்லம்மா. சனிக்கிழமை வர்றேன். அன்னிக்கி தெருக்காரங்க வேணாம்னு சொன்னா, பூட்டிடுவோம்" என்று யாமினியிடம் சொல்லிவிட்டுப் போனார். யாமினி தடுப்புகளைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டே இருந்தாள், பெருக்கின இடத்தையே திரும்பத் திரும்ப.

"கொட்றவன் எவன்னு பாத்துட்றேன்" என்றாள் சுலோசனா.

அடுத்த முகூர்த்தத்தன்று, முந்தின ராத்திரி விருந்து இலைகள் வந்து விழுகிற விடியல் நேரத்தில் அவள் கிளம்பினாள். கங்கையாவும் ஃபிளாஸ்கில் காபி ஊற்றிக்கொண்டு கூடவே வந்தார். "நீங்க எதுக்கு?" என்று கேட்டதற்கு, "நீ ஒரு சத்தம் போட்டா தெருவே எழுந்து உன்னியே திருடின்னு புடிச்சுக்கும். சாட்சிக்கு ஒரு ஆள் வேணாமா?" என்றார். இருவரும் டேங்க் சுவர் மறைவில் உட்கார்ந்தார்கள். மலைப் பக்கம் வானம் வெளுத்துக்கொண்டிருந்தது.

சின்ன லாரி ஒன்று வந்தது. வாசலைத் தாண்டிப்போய் நின்றது. பின்னால் எடுக்குமுன் இரண்டு குட்டி ஹாரன். பிறகு கதவுத் தகரத்தில் உள்ளங்கையால் ஒரு தட்டு.

சுலோசனா எழுந்து வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

அந்த இரண்டு ஹாரனும் ஒரு தட்டும் அவளுக்குத் தெரியும். வண்டியைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் அப்படிச் செய்கிறவர் இந்த உலகத்தில் ஒருவர்தான். செங்கல்வராயன். அவள் பஸ்ஸின் டிரைவர். எத்தனை வருஷம் அவர் முன்னாலும் அவள் பின்னாலுமாக ஒரே வண்டியை ஓட்டியிருக்கிறார்கள்! நாராயணவனம் தாண்டி டயர் வெடித்தபோது பஸ்ஸைப் பள்ளத்தில் விடாமல் நிறுத்தியவர். அவள் அம்மா இறந்த தகவல் வந்த அன்று, டிப்போவில் சொல்லி மாற்று ஆளை வரவழைத்து, அவளை நகரி வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனவர்.

லாரியின் பின்கதவு திறக்கிற சத்தம் கேட்டது. சுலோசனா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"யோவ்! நிறுத்துய்யா!"

தெருவை அதிர வைத்தது கங்கையாவின் குரல். இப்படி ஒரு குரல் தன்னிடம் இருப்பது அவருக்கே அன்றுதான் தெரிந்திருக்க வேண்டும். கத்தியவர், கத்தி முடித்த கையோடு ஃபிளாஸ்கைக் கீழே போட்டுவிட்டார்.

செங்கல்வராயன் திரும்பிப் பார்த்தார். சுவர் மறைவிலிருந்து வந்த சுலோசனாவைப் பார்த்ததும் கையிலிருந்த மண்வெட்டி தாழ்ந்தது.

"கண்டக்டரம்மாவா?"

"நீங்களாண்ணா?" என்றாள் அவள். கேட்டது அவ்வளவுதான்.

அவர் லாரிப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். "ரிட்டையர் ஆயி வூட்ல சும்மா ஒக்கார முடியல. கல்யாண மண்டபத்துல இந்த வண்டிய ஓட்டச் சொன்னாங்க. ஸ்டியரிங்கப் புடிச்சாப் போதும்னு வந்துட்டேன். மேனேஜருதான், அது குப்பை சென்டர், அங்கயே கொட்டிட்டு வந்துடுன்னு சொன்னாரு. நானும் யோசிக்கல. யோசிக்கலன்னு சொல்றதும் பொய்யி. யாரும் இல்லாத நேரமாப் பாத்துத்தானே வந்தேன்?"

திட்டுவதற்காக வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் சுலோசனாவிடம் ஏராளம் இருந்தன. எல்லாவற்றையும் தள்ளி வைத்தாள். சும்மா உட்கார முடியாத வியாதி அவளுக்குத் தெரியாததா?

"இங்க ஒரு பொண்ணு வேலை செய்யுதுண்ணா. நீங்க கொட்னத அதுதான் கையால வாருது. சனிக்கெழம இந்த எடத்த மூடப் போறாங்க."

செங்கல்வராயன் எழுந்து பின்கதவை மூடினார். "இன்னா பண்லாம், சொல்லு."

"ஏறுங்க. மண்டபத்துக்குப் போலாம்."

முன் சீட்டில் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். மண்டபத்தில் நாதஸ்வரம் முழங்கிக்கொண்டிருந்தது. பின்வாசலுக்குத் திரும்பப் போன வண்டியைச் சுலோசனா தடுத்தாள். "அங்க வேணாம். முன்வாசல்ல, பந்தலாண்ட போடுங்க."

மேனேஜர் ஓடி வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, காதில் போன். "என்னாய்யா இது, வண்டிய எடு! பொண்ணு வூட்டுக்காரங்க வர்ற நேரம்!"

"எடுக்கலாம் சார்" என்றாள் சுலோசனா. "எங்க எடுக்கறதுன்னு சொல்லுங்க. அந்த சென்டர் காஞ்ச சாமானுக்கு. எச்சில் எலைக்கு இல்ல. வேற எடம் நீங்க சொல்ற வரைக்கும் வண்டி இங்கயே நிக்கும்."

"ஏம்மா, குப்பைய குப்பை சென்டர்ல கொட்டாம எங்க கொட்றது?"

"அதத்தான் சார் உங்களக் கேட்டுக்கினு கீறேன்."

குரலை அவள் உயர்த்தவே இல்லை. அவசியமும் இல்லாமல் போயிற்று. வெயில் ஏற ஏற லாரியே பேசத் தொடங்கியது. பன்னீர் தெளிக்க நின்ற பெண்கள் புடவைத் தலைப்பை மூக்குக்குக் கொண்டுபோனார்கள். பட்டு வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் பந்தலிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏமிட்டி ஈ வாசன, என்ன நாத்தம்?" என்று தெலுங்கும் தமிழுமாகக் கேட்டார். மேனேஜரின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

அப்போது செங்கல்வராயன் தொண்டையைக் கனைத்தார். "ரேணிகுண்டா ரோட்ல ஒருத்தர் நர்சரி வெச்சி கீறாரு சார். எருக்குழிக்கு எலை இருந்தா குடுன்னு என்ன ரெண்டு தடவ கேட்டாரு. கப்பு, பிளாஸ்டிக் எதுவும் கலக்காம இருந்தா எவ்ளோ வேணாலும் எடுத்துக்குவாரு."

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்னாய்யா?"

"நீங்க கேக்கலியே சார்."

மேனேஜர் பந்தலைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், சமையல்காரரைக் கூப்பிட்டார். இனிமேல் இலைக்கு ஒரு தொட்டி, கோப்பைக்கு ஒரு தொட்டி என்று அங்கேயே உத்தரவானது. "இப்பவாச்சும் எடுங்கம்மா!" என்று சுலோசனாவைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ரைட்!" என்றாள் அவள். நாதஸ்வரக்காரர் ஒரு நொடி வாசிப்பை நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார்.

சனிக்கிழமை அதிகாரி வந்தார். தெருவும் வந்தது. இலைக் குப்பை இனி வராது என்று மண்டபத்து மேனேஜரே போனில் அதிகாரியிடம் சொல்லியிருந்தார். செங்கல்வராயன் ஒரு ஓரமாக நின்று, கொட்டியது தான்தான் என்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டார். சுலோசனா எதிர்பார்த்தது போலவே தெருக்காரர்கள் முகம் இளகியது. வேலை முடிந்தது என்று அவள் நினைத்தபோது ஸ்வர்ணலதா முன்னால் வந்தாள்.

"நாத்தம் போனாச் சரி. சத்தம்?"

"இன்னா சத்தம்?" என்றாள் சுலோசனா.

"உங்க சத்தம்தாங்க! ஞாயித்துக்கெழம ஒரு நாள்தான் நாங்க எழுந்துக்க நேரமாவும். எங்க மாமியாருக்கு ஆபரேஷன் ஆயி படுத்திருக்காங்க. எம்மா நேரம் 'கண்ணாடி ரைட்டு சைடு, பேப்பர் உள்ள போ'! நேத்து தூக்கத்துல அவங்களே சொல்றாங்க, 'பேப்பர் உள்ள போ'ன்னு!"

கூட்டம் சிரித்தது. அதிகாரி வாயைப் பொத்திக்கொண்டார். கங்கையா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. யாமினிகூடத் தலையைக் குனிந்துகொண்டாள்.

சுலோசனாவுக்கு முகம் சூடானது. பஸ்ஸில் போட்ட சத்தம் பஸ்ஸோடு ஊர் ஊராகப் போய்விடும். யார் வீட்டு வாசலிலும் அது தங்கியதில்லை. இங்கே அப்படியில்லை, ஒரே ஜன்னலுக்கு நேராக எல்லாச் சத்தத்தையும் இறக்கியிருக்கிறாள். வாரா வாரம் மறைவாக வந்து இலையைக் கொட்டியது செங்கல்வராயன் என்றால், பட்டப்பகலில் மேடை ஏறி நின்று கொட்டியது அவள்.

"நீங்க சொல்றது நெசந்தான்" என்றாள். அவளுக்கே பழக்கமில்லாத தணிந்த குரல் அது. "மாமியாருக்கு இப்ப எப்டி கீது?"

"தேவலாம்" என்றாள் ஸ்வர்ணலதா. அவள் கோபமும் அந்தக் கேள்வியில் பாதி கரைந்துவிட்டது. "மூடணும்னு நான் சொல்லல. எங்க வூட்லயும் பழைய பிரிட்ஜ் ஒண்ணு கீது, அத எங்கதான் போடறது? கொஞ்சம் மெதுவாப் பேசுங்கன்னுதான்."

"அது என்னால ஆவாது" என்றாள் சுலோசனா நேர்மையாக.

வழி சொன்னது செங்கல்வராயன். முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டபத்து வண்டி சும்மாதான் நிற்கிறது. கழுவி எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனால் என்ன? சென்டர் வரை நடக்க முடியாதவர்கள், பிரிட்ஜைத் தூக்க முடியாதவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! சத்தமும் ஒரே வீட்டுக்கு முன்னால் நிற்காமல் எல்லாத் தெருவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ச் சேரும். போனில் கேட்டதும் மேனேஜர் உடனே ஒப்புக்கொண்டார். பந்தலுக்கு முன்னால் அந்த லாரி இன்னொரு தடவை நிற்பதை நினைத்துப் பார்த்திருப்பார். அதிகாரியும், முதலில் இந்த வார்டில் ஓட்டிப் பாருங்கள் என்றார்.

இப்போது ஞாயிறு காலைகளில் தண்ணி டேங்க் தெரு அமைதியாக இருக்கிறது. கொண்டுவருகிறவர்களிடம் யாமினி தன் மெல்லிய குரலில் பேசுகிறாள், கேட்கிறவர்களுக்குக் கேட்கிறது. ஸ்வர்ணலதா வீட்டு ஜன்னல் திறந்திருக்கிறது.

லாரி மட்டும் தெருத் தெருவாகச் சுற்றுகிறது. உள்ளே பைகளுக்கு நடுவில் சுலோசனா நிற்கிறாள். முன் சீட்டில் கங்கையா, யாராவது பழைய ரேடியோவைக் கொண்டுவந்தால் ஆசையோடு பார்த்துவிட்டு, மனமில்லாமல் பின்னால் நீட்டுகிறார். போன வாரம் லீலா மஹால் சர்க்கிள் பக்கம் செங்கல்வராயன் ஒரு இட்லிக் கடை முன்னால் வண்டியை மெல்ல ஓரங்கட்டினார்.

"இங்க ஸ்டாப்பிங் இல்லண்ணா!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"ரெண்டே இட்லி, கண்டக்டரம்மா."

"அடுத்த தெருவுல ஜனம் காத்துக்கினு கீது!"

"டிரைவருக்குப் பசிச்சா வண்டி நவுராது. ரூல்ஸ்லயே கீது."

"எந்த ரூல்ஸ்ல?"

 அவர் ஏற்கெனவே இறங்கிவிட்டார். கங்கையாவும் சத்தமில்லாமல் மறுபக்கக் கதவைத் திறந்து இறங்கிக்கொண்டிருந்தார். சுலோசனா பைகளின் மேலிருந்து எட்டிப் பார்த்தாள். கடையில் வேர்க்கடலைச் சட்னி அப்போதுதான் அரைத்து வைத்திருந்தார்கள். வாசனை வண்டி வரை வந்தது.

"எனக்கு மூணு!" என்று அவள் போட்ட சத்தத்தில் தெருக்கோடி வரை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.